காந்தலூரில் 2 ராத்திரி டென்ட், 6 பேர்: சமையலுக்கு என்ன ஏற்பாடு?

கொழிஞ்சாம்பாறை வீடு:

வணக்கம்ங்க. ஜனவரி கடைசியில காந்தலூர்ல ஒரு தோட்டத்துல டென்ட் போட்டு 2 ராத்திரி தங்குறோம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியா கார்ல போறோம். பெரியவங்க 4 பேர், 9 வயசுலயும் 5 வயசுலயும் பசங்க ரெண்டு பேர். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கு, வேளை தவறக்கூடாது. தோட்டத்துல தண்ணியும் கழிப்பறையும் உண்டு. அடுப்பு, பாத்திரம் நாமதான் கொண்டு போகணும். விறகு மூட்டக் கூடாதுன்னு தோட்டத்துக்காரர் சொல்லிட்டாரு, கேஸ் அடுப்பு மட்டும்தான்.

தோசை மாவு கொண்டு போலாமா? ஒரு வேளையாவது கறி வேணும்னு பசங்க கேக்குறாங்க, அதை ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போனா தாங்குமா? கேஸ் எவ்வளவு ஆகும்? அங்க போயும் அரிஞ்சு, அரைச்சு, கழுவிட்டே இருக்காம, எந்த வேளைக்கு என்ன செய்யலாம்னு விவரமாச் சொல்லுங்க.

மறையூர்த் தோட்டம்:

வாங்கம்மா. முதல்ல இடத்தோட குணம் தெரிஞ்சுக்குங்க, சமையலே அதை வெச்சுத்தான் மாறும்.

காந்தலூர் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். அங்க தண்ணி 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். டீ, ரசத்துக்கு அதனால ஒண்ணும் இல்ல. ஆனா துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்துல வேக வெச்சீங்கன்னா கேஸ்தான் தீரும், பருப்பு மசியாது. குக்கர் இல்லாம போகாதீங்க. 5 லிட்டர் குக்கர் ஒண்ணு போதும். வீட்டுல 4 விசில் விடுற இடத்துல அங்க 5 விடுங்க. பருப்பை அரை மணி நேரம் ஊற வெச்சுட்டா இன்னும் நல்லது. கேஸ்கட் பழசா இருந்தா புதுசு ஒண்ணு வாங்கிப் பையில போட்டுக்குங்க, மலை மேல அது கிடைக்காம அலையணும். மட்டை அரிசி வேண்டவே வேண்டாம், வேகுற நேரம் ரொம்ப அதிகம். பொன்னி பச்சரிசி எடுத்துக்குங்க.

தேங்காய் எண்ணெய் அங்க காலையில கல்லாட்டம் உறைஞ்சிருக்கும். 24 டிகிரிக்குக் கீழ போனாலே அது உறையத் தொடங்கும், குறுகின வாய் பாட்டில்ல ஊத்தி வெச்சா வெளியவே வராது. நல்லெண்ணெய் கொண்டு போங்க.

காய் எதுவும் கீழ இருந்து சுமக்காதீங்க. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் காந்தலூர்லயே விளையுது, வழியில வாங்கிக்கலாம். அந்தப் பூண்டுக்கும் மறையூர் வெல்லத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கு. வெல்லம் உருண்டையா வரும், கையில பிடிச்ச தடம் அதுமேல தெரியும். காபிக்கு அதையே போட்டுக்கலாம், மாமியாருக்குத் தவிர.

கறியும் அப்படித்தான். கொழிஞ்சாம்பாறையில வாங்கி 4 மணி நேரம் கார்ல கொண்டு வர்றதை விட, மறையூர் டவுன்ல கோழி வாங்கி அன்னிக்கு ராத்திரியே சமைச்சு முடிச்சிருங்க. மறுநாளைக்குன்னு மிச்சம் வைக்காதீங்க.

மத்தியானச் சாப்பாட்டை உடுமலையிலயோ அமராவதி நகர்லயோ முடிச்சுட்டு ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டுங்க. அதுக்கு மேல சின்னாறு வரைக்கும், அப்புறம் மறையூர் பக்கமும் சரணாலயக் காடு. ரோட்டோரம் நிறுத்திச் சாப்பிட விடமாட்டாங்க. வண்டிக் கண்ணாடியை இறக்கினாலே குரங்கு கையை நீட்டும். இருட்டுறதுக்கு முன்னால காட்டைக் கடந்தாகணும், அதனால மத்தியானத்துக்கே கிளம்பிடுங்க. வளைவு ரோடு வேற, பசங்களுக்கு வயிறு முட்டக் கொடுத்தா வாந்திதான். முக்கால் வயிறு போதும்.

ராத்திரி சாப்பாட்டுப் பொருள் ஒண்ணுகூட டென்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது. வெல்லமும் பழமும் முக்கியமா. காட்டுப்பன்னியும் யானையும் வாசனை பிடிச்சு வர்ற ஊரு. எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுல அடைச்சுக் கார் டிக்கியில வெச்சுப் பூட்டுங்க. எச்சில் இலையையும் சோத்துப் பருக்கையையும் ஓடையில கொட்டாதீங்க, தோட்டத்துக்காரர் குழி வெட்டி வெச்சிருப்பாரு, கேட்டுப் போடுங்க.

பொள்ளாச்சி அடுப்படி:

அண்ணா சொன்னதுக்கு மேல, வேளைக்கு என்னன்னு நான் சொல்றேன். நாலு பெரியவங்க, ரெண்டு பசங்களுக்கு ஒரு வேளைக்கு 600 கிராம் அரிசி சரியா இருக்கும். கணக்கை இதை வெச்சே போட்டுக்குங்க.

முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிச்சோறு. 600 கிராம் அரிசிக்குப் புளி 75 கிராம், நல்லெண்ணெய் 120 மில்லி. புளிக்காய்ச்சலை முந்தின நாளே எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்கிற வரைக்கும் சுண்ட விட்டு வெச்சுக்குங்க. இதுல எல்லாரும் செய்யுற தப்பு, சூடாச் சோத்துல கிளறி அப்படியே டிபன்ல அடைக்கிறது. மூடிக்கு அடியில வேர்த்து, அந்தத் தண்ணி சொட்டிச் சாயங்காலத்துக்குள்ள சோறு நூல் விடும். சோத்தை அகலமான தாம்பாளத்துல கொட்டி, ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சூடு நல்லா ஆறின பிறகு கிளறுங்க. வெங்காயம், தேங்காய் சேர்க்காதீங்க. அன்னிக்கே தீர்த்துருங்க. தொட்டுக்க நேந்திரங்காய் வறுவல்.

அன்னிக்கு ராத்திரி, பள்ளிபாளையம் சிக்கன். மசாலாவே வேண்டாம், அதனாலதான் வெளியூருக்கு இதைவிட லேசான கறி இல்ல. எலும்போட ஒரு கிலோ கோழியைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டச் சொல்லிடுங்க. சின்ன வெங்காயம் கால் கிலோ, காஞ்ச மிளகாய் 15, தேங்காய்ப் பல்லு ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, நல்லெண்ணெய் 5 ஸ்பூன். வெங்காயத்தை வீட்டுலயே உரிச்சுக்குங்க, மிளகாயைக் கிள்ளி விதையை உதறி ஒரு டப்பாவுல போட்டுக்குங்க. பசங்களுக்காக மிளகாயை 10 ஆக்கிக்கலாம். எண்ணெயில மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் வதங்கினதும் கறியைப் போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிரட்டி மூடி வெச்சா அதுலயே தண்ணி விடும். தேவைப்பட்டா ஒரு கை தண்ணி தெளிச்சா போதும். டம்ளர் கணக்குல ஊத்திட்டீங்கன்னா கறி அவிஞ்சு போகும், சுருளாது. 25 நிமிஷத்துல வெந்துரும். கடைசியா தேங்காய்ப் பல்லு போட்டு, திறந்து வெச்சு 5 நிமிஷம் சுருட்டுங்க. கூட வெறும் சோறும் ரசமும்.

ரெண்டாம் நாள் காலையில தோசை கேட்டீங்க. மாவைப் பாதிப் பாத்திரம் மட்டும் ஊத்தி ஐஸ் பெட்டியில கொண்டு போலாம், கெடாது. ஆனா ஒத்தை அடுப்புல ஆறு பேருக்கு 18 தோசை, ஒண்ணு ரெண்டரை நிமிஷம்னா முக்கால் மணி நேரம் ஒருத்தர் கல்லுக்கு முன்னாடியே நிக்கணும். மாமியார் அதுவரைக்கும் பசியோட இருக்கணும். வெண்பொங்கல் வைங்க. பச்சரிசி 2 டம்ளர், பாசிப்பருப்பு முக்கால் டம்ளர், வீட்டுலயே வறுத்து ஒண்ணாக் கலந்து, மிளகு, சீரகம், உப்பு எல்லாம் சேர்த்து ஒரே பையில கட்டிக்குங்க. அங்க போய்க் கழுவி 11 டம்ளர் தண்ணி விட்டு 6 விசில். குக்கர்ல பாதிக்கு மேல நிறைய விடக் கூடாது, நுரைச்சு விசில்ல அடைக்கும். உங்க குக்கர் 5 லிட்டர்னா, டம்ளர் 200 மில்லிக்கு மேல இருந்தா அரிசியை ஒன்றரை டம்ளரா, தண்ணியை 8 டம்ளரா குறைச்சுக்குங்க. நெய்ல முந்திரி, இஞ்சி தாளிச்சுக் கொட்டுனா முடிஞ்சுது.

மத்தியானம் அங்க வாங்குன பீன்ஸ், கேரட், உருளை போட்டு ஒரே குக்கர்ல சாம்பார் சாதம். ராத்திரிக்குச் சம்பா கோதுமை ரவை உப்புமா, மாமியாருக்கும் ஒத்துக்கும். மூணாம் நாள் காலையில கெட்டி அவல், ஊற வெச்சுத் தாளிச்சா 10 நிமிஷம்.

சட்னிக்கு என்ன பண்றதுன்னு கவலையே வேண்டாம். தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும், அதுக்குப் பதிலா சம்மந்திப்பொடி கொண்டு போங்க. பாலக்காட்டுப் பக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனாலும் பதத்தைச் சொல்லிடறேன். ஒரு முத்தின தேங்காயைத் துருவி, அடி கனத்த இரும்புச் சட்டியில போட்டு அடுப்பைச் சிம்ல வைங்க. காஞ்ச மிளகாய் 8, சின்ன வெங்காயம் 6, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை ரெண்டு இணுக்கு கூடவே போட்டுக் கை ஓயாம கிண்டணும். முதல் 10 நிமிஷம் ஈரமா ஒட்டிக்கும், அப்புறம் உதிரும், மஞ்சளாகும். அங்க நிறுத்திடாதீங்க. அரை மணி நேரம் போல ஆகும், காப்பிக்கொட்டை மாதிரி சிவந்து, கையில தேய்ச்சா மொறுமொறுன்னு நொறுங்கணும். பாதி வறுவல்ல இறக்குனா உள்ள ஈரம் நிக்கும், நாலு நாள்ல சிக்கு வாடை வந்துரும். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து முழுசா ஆற வெச்சு, மிக்ஸியில விட்டு விட்டு அடிங்க. சூட்டோட ஒரே மூச்சுல ஓட விட்டா எண்ணெய் கக்கி விழுதாயிரும். பொங்கல், சோறு, உப்புமா எல்லாத்துக்கும் இதுவே போதும். ஈர ஸ்பூன் மட்டும் போடக் கூடாது.

கேஸ் அடுப்பு ரிப்பேர்:

அடுப்பைப் பத்தி மட்டும் சொல்றேன். உங்ககிட்ட 5 கிலோ சின்ன சிலிண்டர் இருந்தா அதையே எடுத்துட்டுப் போங்க. கார்ல நிமிர்த்தி வெச்சுக் கயிறு போட்டுக் கட்டுங்க, வால்வு மூடியைப் போடாம ஏத்தாதீங்க, ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சமா இறங்கியே இருக்கட்டும்.

டப்பா கேஸ் போடுற பெட்டி அடுப்புன்னா கணக்கு இதுதான். 220 கிராம் டப்பா முழுத் தீயில ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும். நீங்க சமைக்கப்போறது அஞ்சு வேளை, நடுவுல டீ, வெந்நீர். 5 டப்பா எடுத்துக்குங்க. இதுல இருக்குறது பெரும்பாலும் பியூட்டேன், குளிர்ல அழுத்தம் குறைஞ்சிரும். விடாம 20 நிமிஷம் எரிஞ்சா டப்பா வெளிய ஐஸ் பூத்தாப்புல ஆகி, தீ சுணங்கும். திரவம் ஆவியாகுறப்ப டப்பாவோட சூட்டையே இழுத்துக்குது, அதனாலதான். உடனே டப்பாவைச் சுடுதண்ணியில போடறது, தீப்பக்கம் காட்டறது உயிருக்கு ஆபத்து. கழட்டி வெச்சுட்டு வேற டப்பா போட்டு எரிங்க, மாத்தி மாத்தி ஓட்டலாம்.

இன்னும் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. பெரிய தோசைக்கல்லோ அகலச் சட்டியோ வெச்சா அது டப்பா இருக்குற அறைக்கு மேலயும் மூடிக்கும். சூடு கீழ திரும்பி டப்பா காஞ்சு வெடிக்கும். பாத்திரத்தோட விளிம்பு அந்த மூடியைத் தொடாத அளவுல இருக்கணும். காத்துக்குன்னு நாலு பக்கமும் தகரம் அடைச்சாலும் இதே கதிதான். காத்து வர்ற ஒரு பக்கம் மட்டும், ஒரு முழம் தள்ளித் தகரத்தை நிறுத்துனா போதும்.

மழை வந்தாலும் குளிர் அடிச்சாலும் டென்ட்டுக்குள்ள பத்த வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்ல, தூங்குறவங்க எந்திரிக்க மாட்டாங்க.

கொழிஞ்சாம்பாறை வீடு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பசங்களுக்கு நடுவுல கொறிக்கவும், மாமியாருக்குக் கைப்பையில வெச்சுக்கவும் என்ன கொண்டு போலாம்? தயிர், முட்டை?

பொள்ளாச்சி அடுப்படி:

பசங்களுக்கு நேந்திரம்பழம் தோலோட ரெண்டா வெட்டி, குக்கர்ல வெயிட் போடாம 10 நிமிஷம் ஆவியில வைங்க. தோல் வெடிச்சுப் பழம் எட்டிப் பார்த்தா வெந்தாச்சு. மாமியாருக்கு அதை அதிகம் கொடுக்காதீங்க, நல்லா பழுத்ததுல சர்க்கரை ஏறும். வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு சின்ன டப்பாவுல போட்டுக் கொடுங்க. மாத்திரை போட்டு சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்குறதுக்கும் வாய்ப்பு இருக்கு, அதுக்குக் குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு பையில தனியா இருக்கட்டும்.

முட்டையைப் பச்சையாவே கொண்டு போங்க, அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வெச்சா ஒண்ணுகூட உடையாது. அவிச்ச முட்டையைப் பகல் பூரா கார்ல வெச்சுத் திங்க வேண்டாம். தயிரு தேவைன்னா வீட்டுல இருந்து வேண்டாம், குளிருக்குப் பால் வாங்கி உறை ஊத்துனாலும் தோயாது. மறையூர்ல பாக்கெட் தயிர் வாங்கிக்குங்க. சாம்பார் சாதம் அன்னிக்கு மத்தியானமே தீர்ந்துரணும், அதனால அரிசியை 500 கிராமுக்கு மேல போடாதீங்க.