புதுப்பிப்பு: அல்சூர் நூலகப் பட்டியல், எக்செலிலிருந்து கோஹாவுக்கு

பெங்களூரு அல்சூர் தமிழ் நூலகத்தின் எக்செல் பட்டியலைக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஏற்றும் முறையை முன்பு எழுதியிருந்தேன். "ஏற்றியாயிற்று, ஆனால் தேடினால் பாதி நூல்கள் வரவில்லை" என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

முதல் காரணம் எழுத்து. 'மௌனம்' என்பதில் வரும் ௌ ஒரே குறியீடு. பலர் அதை ெ, ள என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு சொல். மொத்தமாக 'மாற்று' (Replace) கட்டளை கொடுத்துவிடாதீர்கள். 'வெளி', 'வெள்ளி' எல்லாம் சிதைந்துவிடும். வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஐஎஸ்பிஎன், அதாவது நூலின் அடையாள எண். எக்செல் அதை எண்ணாக எடுத்து 9.78E+12 என்று காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) சேமித்தால் இலக்கங்கள் போய்விடும். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கில் கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கி, எழுத்துக் குறியாக்கத்துக்கு யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். 10 இலக்க எண்ணின் முன் பூஜ்யமும் தப்பும்.

பிறகு, பட்டியலைக் கோஹா ஏற்கும் மார்க் (MARC) வடிவத்துக்கு மாற்றும் மார்க்எடிட் மென்பொருளில், தலைப்பை 245 என்ற புலத்தின் a உட்புலத்திலும் பார்கோடை 952-இன் p-யிலும் இடுங்கள். 952-இன் a, b இரண்டிலும் கிளைக் குறியீடு கோஹாவில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் நூல் விவரம் ஏறும், பிரதி ஏறாது.

முதலில் 20 நூல்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். கோஹாவுக்குப் புதியவர்களுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இலவசம்.