ரப்பர் இன்சுலேட்டரில் துளி அசையாமல் நிற்குமா?

உப்பளக்காரன்: மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் பற்றி நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. "சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டரில் தண்ணீர் தாமரை இலைத் துளி போல அசையாமல் நிற்கும், பொறி கிளம்பாது" என்கிறார். அசையாமலா? மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறும் 50 ஹெர்ட்ஸ் லைனில் துளி நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்கும். துளி, காற்று, ரப்பர் மூன்றும் சேரும் விளிம்பில்தான் மின்புலம் செறியும். கொரோனா, அதாவது காற்று அயனியாகி மினுங்கும் சிறு மின்கசிவு, அங்கேதான் பிடிக்கும்.

தாமரையிலை: எழுதியது நான்தான். பீங்கான் இன்சுலேட்டரில் தண்ணீர் படலமாகப் பரவும், உப்பு சேர்ந்தால் கசிவு மின்னோட்டம் ஓடும். ரப்பரில் துளிகள் தனித்தனியாக நிற்பதால் பாதை அறுந்துவிடுகிறது. இதில் என்ன தப்பு? அப்புறம், லைன் 50 என்றால் துளியும் 50தானே? 100 எங்கிருந்து வந்தது?

உப்பளக்காரன்: விசை மின்புலத்தின் இருமடியைப் பொறுத்தது. இரண்டு அரைச்சுற்றிலும் துளி இழுபடும். அதனால் 100. மின்புலத்தில் துளியின் நுனி கூம்பாவதை 1964லேயே இயற்பியலாளர் டெய்லர் கணக்கிட்டுவிட்டார். நீங்கள் இன்னும் தாமரைக் குளத்திலேயே நிற்கிறீர்கள்.

ஆய்வகவாசி: துளியில் மின்னூட்டம் ஏறியிருந்தால் 50ம் கலந்து வரும். 100 மட்டும்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

உப்பளக்காரன்: ஏறாத துளிக்கு 100. எர்த்திங் பற்றிய பழைய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள்.

ஆய்வகவாசி: எர்த்திங்கில் நான் சொன்னதுதான் சரி. பழையதை எடுத்துப் பாருங்கள்.

லைன்மேன்: எண் கிடக்கட்டும் அண்ணே. தூத்துக்குடிப் பக்கம் எங்களுக்குப் பெருமழை பயமில்லை, உப்பைக் கழுவிவிடும். உப்பைக் கழுவாமல் நனைத்து மட்டும் விடும் விடியற்காலைப் பனியும் தூறலும்தான் பயம். தட்டு வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் சீறும். ரப்பர் மாட்டியபின் சத்தம் குறைந்தது.

உப்பளக்காரன்: குறைந்தது, நின்றதா தம்பி? கொரோனாவில் ஓசோன் உண்டாகும், ஈரத்தோடு நைட்ரிக் அமிலமும் சேரும். ரப்பரின் நீர் ஒட்டாத தன்மை போய்விடும். பிறகு உங்கள் தனித்தனித் துளிகள் எல்லாம் ஒரே படலம்.

தாமரையிலை: போனால் திரும்பி வரும். ரப்பருக்குள்ளிருந்து லேசான சிலிக்கோன் மூலக்கூறுகள் மேலே ஊறி வந்து சில மணியிலோ சில நாளிலோ அந்தத் தன்மையை மீட்கும். படிந்த உப்பின் மேலும் பரவும். பீங்கானுக்கு அது உண்டா?

உப்பளக்காரன்: அதற்கு இடைவேளை வேண்டும். தினமும் பனி இறங்கினால்? சரி, துளி அசைகிறதா இல்லையா? 100 முறை. முதலில் அதற்குப் பதில்.

தாமரையிலை: "அசையாமல்" என்றது உருண்டு ஓடாமல் என்ற பொருளில். சொல்லை மாற்ற மாட்டேன்.

லைன்மேன்: ரப்பரையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டுமா, அதைச் சொல்லுங்களேன்.

உப்பளக்காரன்: அதற்குத் தனியாகத் தலைப்பு திற. இங்கே 100க்குப் பதில் வரட்டும்.

ஆய்வகவாசி: 50ம் உண்டு.