பாரிஸில் காலைப் பசியாறல்: வயதான பெற்றோருடன் எங்கே சாப்பிடலாம்?

கயல்விழி (பட்டர்வொர்த்):

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில், தொழிலாளர் தின விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு, அப்பாவையும் அம்மாவையும் பாரிஸுக்கு அழைத்துச் செல்கிறேன். கார் தெ லெஸ்த் ரயில் நிலையத்துக்கும் சான் மார்த்தான் கால்வாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் தங்குகிறோம். பார்க்க வேண்டிய இடங்களை முடிவு செய்தாயிற்று. மதிய உணவையும் இரவு உணவையும் அங்கங்கே பார்த்துக்கொள்ளலாம். காலைப் பசியாறலை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

அப்பாவுக்கு நீரிழிவு நோய் உள்ளது. காலை ஏழு மணியளவில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டுத்தான் மாத்திரை சாப்பிடுவார். மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டார், மற்றவை எல்லாம் சாப்பிடுவார். பல்செட் வைத்திருக்கிறார், வீட்டில் ரொட்டி பெங்காலியைக் கோப்பியில் தொட்டுச் சாப்பிடுவதே அவர் வழக்கம். அம்மா சைவம், முட்டையும் சேர்க்கமாட்டார். இணையத்தில் தேடினால் பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கும் பிரன்ச் கடைகளைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அவற்றின் படங்களில் பன்றி இறைச்சியோ முட்டையோ இல்லாத தட்டைக் காண முடியவில்லை. பாரிஸில் வாழ்ந்தவர்களும் பெற்றோருடன் சென்று வந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இளஞ்செழியன் (பிரிக்ஃபீல்ட்ஸ்):

சகோதரி கயல்விழிக்கு வணக்கம். பணி நிமித்தமாகச் சில காலம் பாரிஸில் குடியிருந்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் பாரிஸ் நம் மலேசியாவைவிட ஆறு மணி நேரம் பின்னால் இருக்கும். பட்டர்வொர்த்தில் அப்பா பசியாறும் காலை ஏழு மணி, அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள்களில் அவர் விடிவதற்கு வெகு முன்பே பசியோடு எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. சென்று சேரும் நாளிலேயே அறையில் ஏதாவது வாங்கி வைத்துவிடுங்கள். அதற்கு நான் சொல்வது பகெத் என்னும் நீளமான பிரெஞ்சு ரொட்டி அன்று, ஏனென்றால் பகெத் மறுநாளே விறகுபோல் ஆகிவிடும். 1932 முதல் ஷெர்ஷ் மிதி தெருவில் இருந்துவரும் புவாலான் கடையின் பெரிய வட்ட ரொட்டியைப் பாருங்கள். புளித்த மாவில் செய்யப்படும் அந்த ரொட்டி ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ளது. முழுதாக வாங்கத் தேவையில்லை, கால் பங்காகவும் கேட்கலாம். பல நாள்கள் கெடாமல் இருக்கும் என்பதால் அகால வேளைப் பசிக்கு அதைப்போல் உதவுவது வேறில்லை.

இரண்டாவதாக, பிரன்ச் என்பது பாரிஸ்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவு. நண்பர்களோடு கூடி, ஆளுக்கு 25 யூரோவுக்கும் மேல் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்காகப் போவார்கள். அன்றாடக் காலை வேளையில் அவர்கள் செல்வது தெருமுனைக் கஃபேக்குத்தான். ஏழு மணியை ஒட்டித் திறந்துவிடும் அந்தக் கடைகளில், நீள வாக்கில் பிளந்து வெண்ணெயும் ஜாமும் தடவிய பகெத் துண்டை 'தார்த்தின்' என்று கேட்டால் தருவார்கள். அதைப் பால் கலந்த கோப்பியில் முக்கிச் சாப்பிடுவதை அங்கே யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். முதியவர்கள் பலர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அப்பாவின் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பசியாறலை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜாம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் கோப்பிக்கு 'கஃபே கிரெம்' என்றும், நம் கோப்பி ஓ போல் சற்று நீர்த்த கறுப்புக் கோப்பிக்கு 'அலோஞ்சே' என்றும் கேளுங்கள். வெறுமனே கஃபே என்றால் இரண்டு மிடறு அளவில் கடுங்கோப்பிதான் வரும்.

கஃபேயில் எங்கே நின்று அல்லது உட்கார்ந்து குடிக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறலாம். கல்லாவை ஒட்டிய மேடையில் நின்று குடித்தால் குறைவு, உள்ளே மேசையில் கூடுதல், சில கடைகளில் வெளியே தெருவைப் பார்த்து உட்கார்ந்தால் இன்னும் கூடுதல். விலைப் பட்டியலை மாட்டி வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளலாம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும். குழாய் நீரைக் குடுவையில் கேட்டால் அதற்குக் காசு இல்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் நேரே வேண்டியதைக் கேட்பவர்களை அவர்கள் மரியாதை தெரியாதவர்களாகவே கருதுகிறார்கள்.

நீங்கள் தங்கும் பகுதியிலேயே, ஈவ் தூதிக் தெருவில், 'டியூ பான் எ டெஸ் இடே' என்ற பழமையான ரொட்டிக் கடை இருக்கிறது. பிஸ்தாவும் சாக்லேட்டும் வைத்துச் சுருட்டிய பண்டம் அங்கே பெயர்பெற்றது. சனியும் ஞாயிறும் கடை திறக்காது என்பதால் வாரநாளில் போங்கள்; திறந்தவுடன் போனால் வரிசை இருக்காது. கால்வாய்க் கரை நடக்கும் தொலைவுதான்.

நூர் ஆயிஷா (ஜார்ஜ்டவுன்):

கயல் அக்கா, ஹலால் தேடுபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் தேவை வேறு என்றாலும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கார் தெ லெஸ்தில் 4-ஆம் தட மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பார்பெஸ். அங்கே அல்ஜீரிய, மொரோக்கோ நாட்டவர் நடத்தும் ரொட்டிக் கடைகள் நிறைய உள்ளன. மாவை மெல்லியதாக விரித்து, எண்ணெயோ வெண்ணெயோ தடவிச் சதுரமாக மடித்து, சூடான தகட்டில் போட்டு எடுக்கும் 'ம்செமன்' என்ற ரொட்டியைக் கண்டிப்பாகச் சாப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் அதை மடிக்கும் விதத்தைப் பார்த்தபோது, எங்கள் தெருவில் ரொட்டி சானாய் போடுபவரின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. குழம்பு தரமாட்டார்கள்; தேன் ஊற்றித் தருவார்கள், வெறும் ரொட்டியாகவும் வாங்கலாம். கோதுமை மாவு, ரவை, எண்ணெய், வெண்ணெய்தான் வழக்கமான பொருள்கள் என்பதால் அம்மாவுக்கும் ஏற்கும். உள்ளே இறைச்சி வைத்ததும் உண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள். மென்மையாக இருப்பதால் அப்பாவின் பல்லுக்கும் சிரமம் தராது. புதன், சனிக் காலைகளில் மேலே செல்லும் மெட்ரோ பாலத்தின் அடியில் சந்தை கூடும். அன்று நெரிசல் மிகுதி, கைப்பையைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னோர் இடம், 1926-இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசலின் தேநீரகம். கார் தெ லெஸ்திலிருந்து 7-ஆம் தடத்தில் மாறாமல் போகலாம். மரநிழல் விழும் முற்றத்தில் நீலப் பூவேலை ஓடுகளுக்கு நடுவே உட்கார வைத்து, சிறு கண்ணாடிக் குவளையில் புதினாத் தேநீரும் பாதாம் பலகாரங்களும் தருகிறார்கள். சிட்டுக்குருவிகள் மேசை மேலேயே வந்து நின்று துணுக்குகளைக் கொத்தும். தேநீரைச் சர்க்கரை சேர்த்தே ஊற்றுவதால் அப்பாவுக்கு அது ஒத்துவராது. ஏழு மணிப் பசியாறலுக்குப் பிறகு, பத்து மணி வாக்கில் அம்மாவுக்காகப் போகலாம்.

கயல்விழி (பட்டர்வொர்த்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அறையில் ரொட்டி வாங்கி வைக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஐயங்கள். பிறை வடிவ வெண்ணெய்ப் பண்டமான குரோசானிலும் பகெத்திலும் முட்டை இருக்குமா? இட்லி, தோசை கிடைக்கும் தமிழ்க் கடைகள் அருகில் இருந்தால் ஒரு நாளாவது அம்மாவை அழைத்துப் போகலாமா?

சிவநேசன் (கிள்ளான்):

தங்கச்சி, இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் தங்கும் இடத்திலிருந்து வடக்கே நடந்தாலே கார் து நோர் நிலையமும், அதைத் தாண்டி லா ஷப்பெல்லும் வந்துவிடும். ஃபோபூர் சான் தெனி தெருவின் மேற்பகுதியிலும் கைய் தெருவிலும் ஈழத் தமிழர்களின் மளிகைக் கடைகள், நகைக் கடைகள், புடவைக் கடைகள், உணவகங்கள் என்று பெயர்ப் பலகைகள் எல்லாம் தமிழில் இருக்கும். அம்மாவுக்கு அந்தத் தெருவே ஆறுதலாக இருக்கும். சைவ உணவகங்கள் உண்டு. ஆனால் நம் ஊர்க் கடைகளைப் போல் விடியற்காலையில் திறப்பவை அல்ல. முற்பகலில் பழோல் தெருவில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அப்படியே நண்பகலில் தோசை சாப்பிடலாம். மளிகைக் கடையில் வாழைப்பழமும் தயிரும் வாங்கிக்கொண்டால் மறுநாள் காலைக்கும் ஆகும்.

ஒரு நாளுக்கு மேல் இதற்கு ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரியவர்களுக்கு வெளியூர் உணவு ஒத்துக்கொள்ளாது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். என் தாயாரை அழைத்துச் சென்றபோது, அவர் தினமும் கேட்டது அங்குள்ள வெண்ணெயைத்தான்.

இளஞ்செழியன் (பிரிக்ஃபீல்ட்ஸ்):

சிவநேசன் அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முட்டையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

குரோசானின் மேல்பகுதி பளபளப்பாக இருப்பதற்காகப் பெரும்பாலும் முட்டை பூசித்தான் சுடுவார்கள். பிரியோஷ் ரொட்டியின் மாவிலேயே முட்டை உண்டு. ஆகவே அம்மாவுக்கு இவை இரண்டும் வேண்டாம். 'பகெத் திரடிசியோன்' என்று கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. 1993-இல் பிரான்ஸ் அரசு பிறப்பித்த ஆணையின்படி, அந்தப் பெயரில் விற்கும் ரொட்டியில் கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவைதான் அடிப்படை; மிகச் சிறிதளவு அவரை, சோயா மாவு அனுமதிக்கப்பட்டாலும், செயற்கைச் சேர்மானங்களுக்கும் மாவை உறைய வைப்பதற்கும் இடமில்லை. சாதாரண பகெத்தைவிடச் சில காசுகள்தான் கூடுதல், சுவையோ எவ்வளவோ மேல். சீஸ் விஷயத்தில் கவனம் தேவை: பிரான்சின் பாரம்பரிய சீஸ் வகைகள் பலவற்றில் பாலைத் திரட்டுவதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். அம்மாவுக்கு வெண்ணெயே போதும்.

அப்பாவுக்காக, 'பா த்ரோ குயித்' என்று கேளுங்கள். அதிகம் சிவக்காத, மேலோடு மெல்லியதாக உள்ள பகெத்தை எடுத்துத் தருவார்கள். பாதி வேண்டும் என்றாலும் வெட்டித் தருவார்கள்.

பகெத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாரிஸ் நகராட்சி 1994 முதல் ஆண்டுதோறும் நகரின் சிறந்த பகெத்துக்குப் போட்டி நடத்துகிறது. தோற்றம், வேக்காடு, உள்சதை, மணம், சுவை என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். வெற்றி பெறுபவருக்கு 4,000 யூரோவும், ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி வழங்கும் உரிமையும் கிடைக்கும். 2023-இல் அதை வென்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. அவருடைய 'ஓ லெவான் டெ பிரெனே' கடை 20-ஆம் வட்டாரத்தில், பிரெனே தெருவில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத, குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. ஈஃபில் கோபுரத்தைப் பார்ப்பதற்காக அத்தனை தொலைவு பறந்து செல்கிறோம். ஒரு தமிழர் பிரெஞ்சுக்காரர்களின் அன்றாட ரொட்டியில் அவர்களுடைய நகரத்திலேயே முதலிடம் பெற்ற கடைக்கு அரை மணி நேரம் மெட்ரோவில் போவது பெரிய காரியம் இல்லை. உங்கள் பெற்றோர் அந்தக் கடை வாசலில் நின்று, இன்னும் சூடாறாத பகெத்தின் முனையைக் கிள்ளிச் சாப்பிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நூர் ஆயிஷா (ஜார்ஜ்டவுன்):

அண்ணா, மே முதல் நாள் அங்கேயும் விடுமுறைதானே? அன்று ரொட்டிக் கடைகள் திறக்குமா?

இளஞ்செழியன் (பிரிக்ஃபீல்ட்ஸ்):

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். அன்று பல ரொட்டிக் கடைகளும் கஃபேக்களும் மூடியிருக்கும். அதற்கு முந்தைய நாள் மாலையே ரொட்டி, வெண்ணெய், பழம் ஆகியவற்றை வாங்கி வைத்துவிடுங்கள் கயல்விழி. மே 8-ஆம் தேதியும் அங்கே பொது விடுமுறை. சாதாரண வாரங்களிலும் ஒவ்வொரு ரொட்டிக் கடைக்கும் ஓரிரு நாள் ஓய்வு உண்டு, கதவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். போவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

பிரன்ச்சை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கால்வாய்ப் பக்கத்தில் லூசியன் சம்பே தெருவில் உள்ள ஹோலிபெலி கடையில் பான்கேக் மிக நன்றாக இருக்கும். முன்பதிவு எடுப்பதில்லை என்பதால் வாரநாளில், அதுவும் கடை திறக்கும் நேரத்துக்கே போங்கள். ஆனால் பான்கேக் மாவில் முட்டை உண்டு. அம்மாவுக்கு அங்கே சாப்பிட அதிகம் இருக்காது. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போகும் காலையில், துய்லெரி பூங்காவுக்கு எதிரே 1903 முதல் இருந்துவரும் ஆஞ்செலினா தேநீரகத்தில் அம்மாவுக்குச் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுங்கள். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியானது. ஒரு குவளையை இருவர் பகிர்ந்துகொள்ளலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் விருப்பம் பஸ்தீய் சந்தை. கார் தெ லெஸ்திலிருந்து 5-ஆம் தடத்தில் நேரே போகலாம். ரிஷார் லெனுவார் சாலையில் வியாழன், ஞாயிறு காலைகளில் கூடும் அந்தச் சந்தையில் ஸ்ட்ராபெரி, தக்காளி, ஒலிவக்காய், கொண்டைக்கடலை மாவில் சுட்ட ரொட்டி என்று சைவம் சாப்பிடுபவர்களுக்கு நிறையவே கிடைக்கும். எட்டு மணிக்குள் அப்பாவுக்கு ஒரு கஃபேயில் தார்த்தினும் கோப்பியும் வாங்கிக் கொடுத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டால், பிறகு அம்மா விருப்பப்பட்டதை வாங்கிக்கொண்டு சாலை நடுவே உள்ள பூங்கா இருக்கைகளில் அமர்ந்து மூவரும் நிதானமாகச் சாப்பிடலாம்.

கயல்விழி (பட்டர்வொர்த்):

ஞாயிற்றுக்கிழமை பஸ்தீய், வெள்ளிக்கிழமை மாணிக்க விநாயகர், அதற்கு முதல் நாள் காலை பிரெனே தெரு என்று எழுதி வைத்துக்கொண்டேன். தர்ஷன் செல்வராஜாவைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். லூவ்ருக்கு முன்பே அந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் எந்தக் கடை எப்படி இருந்தது என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.