ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் ஒரு நொடி முக்குது: 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல்

மொரப்பூர் 800:
ஐட்லிங் (மிதிக்காம சும்மா ஓடுறது) சீரா நிக்குது. நிதானமா மிதிச்சா ஒரு குறையும் இல்லை. செகண்ட், தேர்ட் கியர்ல சட்டுன்னு மிதிச்சா மட்டும் ஒரு நொடி தம் கட்டி நின்னு, அப்புறம்தான் இழுக்குது. சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் ஏத்தத்துல லாரியை முந்தவே பயமா இருக்கு. பிளக், ஏர் ஃபில்டர் புதுசு. பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணுங்க?

பாலக்கோடு டியூனிங்:
கார்புரேட்டரை மாத்தாதீங்க. முதல்ல ஆக்சிலரேட்டர் பம்பைப் பாருங்க. சட்டுன்னு மிதிச்சா த்ராட்டில் திறந்து காத்து உடனே உள்ள பாயும், பெட்ரோல் அதே வேகத்துல வராது. அந்த இடைவெளியில கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சி விடுறதுதான் இந்தப் பம்போட வேலை. அது பீச்சலைன்னா நீங்க சொல்ற மாதிரியேதான் முக்கும்.

இன்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைங்க, அப்போதான் ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) நிறைஞ்சிருக்கும். ஏர் கிளீனரைக் கழட்டி, டார்ச் அடிச்சு கார்புரேட்டர் வாய்க்குள்ள பார்த்துக்கிட்டே த்ராட்டில் லீவரைக் கையால திறங்க. லீவர் அசைஞ்ச உடனேயே சின்ன நாசில்ல இருந்து பெட்ரோல் ஒரே கோடா பீச்சணும். சொட்டுச் சொட்டா வந்தாலோ, லீவர் பாதி திறந்த பிறகு வந்தாலோ கோளாறு அங்கேதான். பக்கத்துல பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

காவேரிப்பட்டணம் கராஜ்:
அதோட பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரையும் பார்த்துடுங்க. அதுல இருக்கிற வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரமுக்கு (காத்து உறிஞ்சுற இழுப்புல ஸ்பார்க் டைமிங்கை முன்னாடி தள்ளுற ரப்பர் சவ்வு) போற ஹோஸை கார்புரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சி, நுனியை நாக்கால அடைச்சுப் பிடிங்க. நாக்கு ஒட்டி நிக்கணும். விட்டுப் போச்சுன்னா டயஃப்ரமோ ஹோஸோ கிழிஞ்சிருக்கு. அப்புறம் கேப்பைத் திறந்து ரோட்டரைக் கையால லேசாத் திருப்பி விடுங்க, ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கணும். திரும்பாம அங்கேயே நின்னா உள்ள இருக்கிற வெயிட் பிடிச்சிருக்கு, ஸ்பீடு ஏற ஏற ஸ்பார்க் டைமிங் முன்னாடி போகாது.

கார்புரேட்டர் அடி கேஸ்கெட்ல காத்து இழுத்தாலும் மிக்சர் லீனாகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) இப்படித்தான் தயங்கும். ஆனா அதுல ஐட்லிங்கும் கெடும். உங்களுக்கு ஐட்லிங் சீரா இருக்கிறதால சந்தேகம் குறைவு.

மொரப்பூர் 800:
பார்த்துட்டேன். ஹோஸ்ல நாக்கு ஒட்டி நிக்குது, ரோட்டரும் விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புது. பெட்ரோல் மட்டும் நூல் மாதிரி மெல்லிசா, லீவர் பாதி போன பிறகுதான் வருது.

பாலக்கோடு டியூனிங்:
அப்போ பம்புதாங்க. ரெண்டு விஷயம் தெரியுது. லேட்டா வருதுன்னா லீவரையும் பம்பையும் இணைக்கிற லிங்கேஜ் தேஞ்சு ஆட்டம் இருக்கு, இல்ல பம்போட ரப்பர் டயஃப்ரம் விறைச்சிருக்கு. மெல்லிசா வருதுன்னா நாசில்ல அடைப்பு, இல்ல டயஃப்ரம்ல ஓட்டை. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதுக்காகச் செஞ்சது இல்லை, சீக்கிரம் விறைச்சு வெடிக்கும்.

முழு கார்புரேட்டர் தேவையில்லை, ரிப்பேர் கிட் வாங்குங்க. டயஃப்ரம், கேஸ்கெட் அதுலயே வரும். பழசைக் கழட்டும்போது கவனம், பெட்ரோல் திரும்பிப் போகாம தடுக்குற செக் பால் (check ball) சின்னக் குண்டு, கீழே உருண்டா கிடைக்காது, தட்டு வெச்சு வேலை பாருங்க. நாசில்ல கார்ப் கிளீனர் அடிச்சு காத்து விடுங்க. கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெருசாகிட்டா அப்புறம் மைலேஜ் போயிடும். மாட்டினதும் லீவர் டெஸ்டை மறுபடி செஞ்சு பார்த்துட்டு ஏர் கிளீனரை மூடுங்க.

காவேரிப்பட்டணம் கராஜ்:
ஆக்சிலரேட்டர் பம்ப் சரியான பிறகும் தொப்பூர் ஏத்தத்துல முழுசா மிதிச்சுப் பிடிக்கும்போது துடிச்சுத் துடிச்சுப் போனா அது வேற கோளாறு, பெட்ரோல் பத்தலை. பெட்ரோல் ஃபில்டரை மாத்துங்க, அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கணும். அதுக்கும் அடங்கலைன்னா டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்கிற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சா அந்தப் பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் கீழே ஆயில்ல இறங்குது. அந்த ஆயிலோட வண்டியை ஓட்டாதீங்க, பேரிங் தேஞ்சிடும். பம்பை மாத்தி, ஆயிலையும் மாத்திட்டுத்தான் எடுக்கணும்.