"எல்லா வீட்டிலும் பரண் இருக்கிறது" என்று சொன்னவருக்கு

கொருக்குப்பேட்டைக்காரன்:
நேற்று இந்தக் குழுவில் 'மாதவரம் மாடிவீடு' எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. மாதவரம் பக்கம் செல்ஃப் ஸ்டோரேஜ் வந்திருக்கிறது, மாத வாடகைக்கு அறை எடுத்து நம் சாமானை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் தகவல் போட்டார். அதற்கு இவர் எழுதிய பதில்: "வட சென்னையில் இதெல்லாம் ஓடாது. எல்லா வீட்டிலும் பரண் இருக்கிறது. அதற்கு மேல் வாடகை கொடுத்து வைக்க அவர்களிடம் என்ன சாமான் இருக்கிறது?"

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சீராக வந்த வெண்கல அண்டா இரண்டு. தேக்குக் கட்டில் ஒன்று. அப்பா முப்பது வருஷம் மிதித்த தையல் மிஷின். இரும்பு பீரோ. தங்கையின் கல்யாணத்துக்காக ஒன்றொன்றாகச் சேர்த்த பாத்திரம் நான்கு மூட்டை. எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுகிறார்கள். காலி செய்யும்போது 24,000 ரூபாய் கருணைத் தொகை வந்தது. வாடகைக்குக் கிடைத்தது ஒற்றை அறை. கட்டிலைப் பிரித்து அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாய்த்தோம், அண்டா சித்தப்பா வீட்டுக்குப் போனது, தையல் மிஷின் பிளாஸ்டிக் தாள் சுற்றி வராந்தாவில் நின்றது. ஒரு மழைக்காலம்தான். மிஷினின் சக்கரம் துருப்பிடித்து அசையவில்லை. அம்மா அதைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

அப்புறம்தான் 50 சதுர அடியில் ஓர் அறை எடுத்தேன். பூட்டு நான் வாங்கியது, சாவி என் இடுப்பில். பரண் போதும் என்கிறவர் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு நாள் வந்துவிட்டுப் பேசட்டும்.

மாதவரம் மாடிவீடு:
தம்பி, நான் சொன்னதில் என்ன தப்பு? பரண் இருக்கிறது என்றேன். உங்கள் வீட்டில் இருந்ததா இல்லையா? அதைச் சொல்லாமல் அண்டா, கட்டில் என்று கதை சொல்கிறீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னையில் எத்தனை தரைத்தளம் தண்ணீரில் நின்றது? கீழ்த்தள அறையை வாடகைக்கு எடுத்துச் சாமானை நனைய விடுவதைவிடப் பரண் மேல். தண்ணீர் பரணுக்கு ஏறாது.

கொருக்குப்பேட்டைக்காரன்:
பரணா? எங்கள் வீடு 230 சதுர அடி. சமையல்கட்டுக்கு மேலே சிமென்ட் ஸ்லாப் ஒன்று, எட்டடி நீளம், இரண்டடி அகலம். கூரைக்கும் அதற்கும் நடுவே இரண்டடி. அதில் அண்டா நிற்காது. கவிழ்த்தால் ஒன்று வைக்கலாம், அப்புறம் வேறெதுவும் வைக்க முடியாது. அதைப் பரண் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள்.

மாதவரம் மாடிவீடு:
ஸ்லாப் என்றாலும் பரண்தான். ஆக, இருந்தது.

எம்.சி. ரோடு அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் வீட்டுச் சாமானிலேயே நிற்கிறீர்கள். கடைக்காரர்களை யாராவது யோசித்தீர்களா? பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஜவுளிக் கடை பத்துக்குப் பன்னிரண்டு. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே சரக்கு இறங்கிவிடும். சூரத்திலிருந்து வரும் பேல்களைக் கடைக்குள் அடுக்கினால் வாடிக்கையாளர் நிற்க இடமில்லை. தெருவில் வைத்தால் போலீஸ். ஒரு கிடங்கைப் பிடிக்கலாம் என்றால் பதினொரு மாத ஒப்பந்தம், பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். எனக்குத் தேவை ஆவணி முதல் ஐப்பசி வரைதான், மீதி மாதம் காலி அறைக்கு நான் ஏன் அழ வேண்டும்? இப்போது மூன்று மாதம் எடுத்து, தீபாவளி முடிந்ததும் விட்டுவிடுகிறேன். பொங்கலுக்கு மறுபடி சின்னதாக ஒன்று. இது பரணில் நடக்கிற காரியமா?

மாதவரம் மாடிவீடு:
அக்கா, கடை வேறு, வீடு வேறு. நான் வீட்டைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் பரண் இருக்கிறது.

ராயபுரம் 1856:
ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டால் சண்டை பாதியாகும். கிடங்கில் சரக்கை ஒப்படைக்கிறோம். ரசீது தருகிறார்கள், பாதுகாப்பது அவர்கள் பொறுப்பு. செல்ஃப் ஸ்டோரேஜில் சரக்கை யாரிடமும் ஒப்படைப்பதில்லை, இடத்தைத்தான் வாடகைக்கு எடுக்கிறோம். பூட்டு நம்முடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று உரிமையாளர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால்தான் காப்பீடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. காஸ் சிலிண்டர், பெட்ரோல், அழுகும் பொருள், நகை, பணம் வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்குவதும் அதனால்தான். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்வோமே.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அண்ணே, அதெல்லாம் சரி. எட்டுக்கு இரண்டு ஸ்லாப் பரணா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

காசிமேடு கரையோரம்:
எனக்கு ஒரு சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். வலை, கயிறு, மிதவை, ஐஸ் பெட்டி எல்லாம் அப்போதுதான் இறக்கி வெயிலில் போட்டுப் பழுது பார்ப்போம். திருட்டு பயம் உண்டு. இந்த அறையில் வலையை வைக்க விடுவார்களா? போன வருஷம் ஓர் இடத்தில் கேட்டேன். வாடை வரும் என்று முகத்தைச் சுளித்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கொடுக்கிற பணத்துக்கு வாடை கிடையாதா?

பெரம்பூர் லோகோ:
வலையை நன்றாக அலசிக் காயவைத்துக் கொண்டுபோனால் விடலாம். ஆனால் அடுத்த அறைக்காரர் பட்டுப்புடவை வைத்திருந்தால் அவர் சண்டைக்கு வருவார், அதையும் பார்க்க வேண்டும். எனக்கு வேறு பயம். மணலியை மறந்துவிட்டீர்களா? 2015-இல் சுங்கத்துறை பிடித்த அமோனியம் நைட்ரேட் சுமார் 700 டன், 37 கன்டெய்னரில் ஐந்து வருஷம் அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள். பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று உரிமையாளரே பார்ப்பதில்லை என்றால் பக்கத்துத் தெருக்காரன் எப்படித் தூங்குவான்?

கொருக்குப்பேட்டைக்காரன்:
லோகோ அண்ணே, அது சுங்கத்துறை பிடித்து வைத்த வெடிமருந்துச் சரக்கு. என் அம்மாவின் அண்டாவை அதோடு சேர்க்கிறீர்களே, நியாயமா? எங்கள் பக்கம் எது வந்தாலும் உடனே ஆபத்து, வெள்ளம், வெடி. தெற்கே வந்தால் மட்டும் வசதி. பெரம்பூர்க்காரர் நீங்களே இப்படிப் பேசினால் யாரிடம் சொல்வது?

பெரம்பூர் லோகோ:
பெரம்பூர் வட சென்னைதான், அதில் உங்களுக்கு என்ன சந்தேகம்? ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். 1955-இல் வந்தது, எங்கள் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வேண்டுமானால் மாதவரத்துக்காரரைக் கேளுங்கள். 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தார்கள், 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். நேற்று வந்தவர் நம் வீட்டுப் பரணை எண்ணுகிறார்.

மாதவரம் மாடிவீடு:
இதுதான் உங்கள் பழக்கம். பதில் இல்லை என்றால் ஊரை இழுப்பது. மாதவரம் பால் பண்ணை உங்களுக்குக் காலையில் பால் அனுப்பியபோது நாங்கள் எந்த மாவட்டம் என்று கேட்டீர்களா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
உங்கள் பழக்கத்தையும் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டைக்கு மேல் மெட்ரோ வேண்டும் என்று இதே குழுவில் நாங்கள் எழுதியபோது "அங்கே யார் ஏறப்போகிறார்கள்" என்று எழுதியவர் நீங்கள். 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை வண்டி ஓடியது. இன்று காலை எட்டரை மணிக்குத் தண்டையார்பேட்டையில் ஏறிப் பாருங்கள், நிற்க இடம் கிடைக்கிறதா என்று. அன்றும் எங்களுக்கு எதற்கு என்றீர்கள், இன்றும் எங்களுக்கு எதற்கு என்கிறீர்கள். நான் மறக்கவில்லை.

மாதவரம் மாடிவீடு:
மெட்ரோவுக்கும் பரணுக்கும் என்ன சம்பந்தம்? சரி, கணக்குக்கே வருகிறேன். 50 சதுர அடிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
3,500. வரி 18 சதவீதம், அது 630. மொத்தம் 4,130.

மாதவரம் மாடிவீடு:
24,000 ரூபாயை 4,130-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு மாதம்கூடத் தாங்காது. வீடு கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆகும். அந்தப் பணம் வீட்டு வாடகைக்கே போதாது. உங்களுக்குச் சம்பளம் வருகிறது, கட்டுகிறீர்கள். உங்கள் பிளாக்கில் மீன் விற்கிற ஆயா கட்டுமா? ஏழைகளுக்கான வசதி என்று தலையில் தூக்கி வைத்து ஆடாதீர்கள். நான் பரண் என்று சொன்னது இதை நினைத்துத்தான்.

எம்.சி. ரோடு அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார். "என்ன சாமான் இருக்கிறது" என்று கேட்டதுதான் சுட்டது.

கொருக்குப்பேட்டைக்காரன்:
ஆயா கட்டாது. நான்கு குடும்பம் சேர்ந்து ஓர் அறை எடுக்கலாம், எங்கள் பிளாக்கில் இரண்டு குழு அப்படி எடுத்திருக்கிறது. ஒரு பூட்டு, நான்கு சாவி, யார் சாமான் எது என்று சாக்குமூட்டையில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் இடிந்து 24 வீடு தரைமட்டமானது. விரிசலைப் பார்த்து எல்லாரும் வெளியே ஓடிவந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் சாமான்? கல்யாணப் பத்திரிகை முதல் பள்ளிச் சான்றிதழ் வரை கல்லுக்கு அடியில். அந்த 24 வீட்டிலும் ஸ்லாப் இருந்திருக்கும் சார். உங்கள் பரண். அதுவும் சேர்ந்துதான் விழுந்தது.

மாதவரம் மாடிவீடு:
ஆக, பரண் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
ஒப்புக்கொள்ளவில்லை! ஸ்லாப் என்றேன்.

கப்பல் வேலை (திருவொற்றியூர்):
நான் ஒன்பது மாதம் கடலில் இருப்பவன். போகும்போது வீட்டைக் காலி செய்து, சாமானை அறையில் பூட்டிவிட்டு, மனைவி குழந்தைகளை மாமனார் வீட்டில் விட்டுப் போகிறேன். வீட்டு வாடகையில் பாதிக்குமேல் மிச்சம். மாடித் தளத்தில்தான் எடுத்தேன், லிப்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பீரோவை நேராகத் தரையில் வைக்காமல் மரப்பலகை போட்டு வைத்தேன், மெத்தையை நின்ற வாக்கில் சாத்தி உறை போட்டேன். திரும்பி வந்து திறந்தபோது பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது, பூஞ்சை இல்லை. இதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது.

ராயபுரம் 1856:
காப்பீடு எடுத்தீர்களா?

பெரம்பூர் லோகோ:
மாதவரம் போய் ஒரு சாமான் எடுத்து வருவதற்குள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலேயே பொழுது போய்விடும். அதை யாரும் பேசவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரன்:
கேட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம், பிறந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறோம். மாடிவீடு சார், இன்று சாயங்காலம் டேப் எடுத்துக்கொண்டு இன்னும் இடிக்காத பக்கத்து பிளாக்குக்குப் போனேன். மூன்று வீட்டில் அளந்தேன். ஏழடி பத்து அங்குலம், ஏழடி பதினொன்று, எட்டு. அகலம் இரண்டடி, அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இல்லை. ஒரு வீட்டில் மேலே ஓதம் இறங்கி, வைத்திருந்த பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெள்ளத் தண்ணீர் கீழிருந்து ஏறவில்லை, மழைத்தண்ணீர் மேலிருந்து இறங்கியிருக்கிறது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மாதவரம் மாடிவீடு:
படத்தில் தெரிவது பரண்தான்.

காசிமேடு கரையோரம்:
வலை வைக்க விடும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஏப்ரலுக்கு முன்னால் வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
சார், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டேப் தெரிகிறது. இரண்டடி.