கரும்பலகையில் ஒரு றகரம்: பயிற்சி ஆசிரியை பொறுத்துப் போவதா, புகார் கொடுப்பதா?

பொருநைச்செல்வி:
பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். போன வாரம், மணி அடிக்கப்போகும் அவசரத்தில், ‘ஒளிச்சேர்க்கை’ என்பதை ‘ஒளிச்சேற்கை’ என்று எழுதிவிட்டேன். கரும்பலகையோடு நானும் நிற்கும் படம் அன்று இரவே ஊர் முகநூல் பக்கம் ஒன்றில், ‘இவங்களும் டீச்சராம்’ என்ற வரியோடு வந்துவிட்டது. பின்னூட்டங்களில் எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசியவை நான்கோ ஐந்தோ; மற்றவை என் நிறத்தையும், சேலை உடுத்தியிருந்த விதத்தையும், என் தாயார் பீடி சுற்றி என்னைப் படிக்கவைப்பதையும் பற்றியவை. ‘பிழை என்னுடையதுதான், வகுப்பில் திருத்திவிடுகிறேன்’ என்று ஒரே ஒரு பதில் எழுதிவிட்டு விலகிக்கொண்டேன். அடித்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாய் என்று விடுதித் தோழிகள் ஏசுகிறார்கள். நான் செய்தது சரிதானா?

டவுண் மாரி:
தங்கச்சி, தோழிகள் சொல்வதே சரி. அந்தப் பதிவை நானும் பார்த்தேன். எழுதியவருடைய மூன்று வரியில் ஐந்து பிழை இருக்கிறது. அதை வட்டமிட்டு அங்கேயே போட்டிருந்தால் பேச்சு அத்துடன் அடங்கியிருக்கும். பணிந்து போகிறவரைத்தான் இந்தக் கூட்டம் மேலும் மேலும் மிதிக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மாரி, வட்டமிட்டுக் காட்டினால் அவருக்கும் நம் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் மிஞ்சும்? நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதைச் சுட்டிக்காட்டிய பையனை முட்டிபோட வைத்தேன். கணக்கை மறந்த பிள்ளைகள் கூட அந்த முட்டியை இன்றுவரை மறக்கவில்லை. செல்வி பிழையை ஒப்புக்கொண்டது பணிவு அல்ல, தொழில் தர்மம். இன்னொன்றும் சொல்கிறேன்: ‘சேர்’ என்ற வினையிலிருந்து வந்ததால் சேர்க்கையில் ரகரம், ‘சேறு’ என்பதில் றகரம். சேர்வதற்கும் சேற்றுக்கும் ஓர் எழுத்துதான் தூரம் என்று அதையே பாடமாக நடத்திவிடலாம்.

வண்ணார்பேட்டை வக்கீல்:
ஐயா சொல்வது பிழையைப் பொறுத்தவரை சரி. தாயாரின் தொழிலை இழுத்தவர்களுக்கும், சேலையைப் பற்றிப் பேசியவர்களுக்கும் அதே பதில் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நமது மாவட்டத்தில் பரிகாசம் பரிகாசமாகவே நின்றுவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பற்றிப் புகார் சொன்ன மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது, 2024இல் அறிக்கையும் வந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் புகார் கொடு என்று இன்னமும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசும் சொல்லுக்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு இருக்கிறது. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி முகநூல் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். முதலில் ஒவ்வொரு பின்னூட்டத்தையும் பெயர், தேதி, இணைப்போடு சேமித்து வையுங்கள். அவர்கள் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

பொருநைச்செல்வி:
அக்கா, முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படத்தின் கீழ் ஓரத்தில் நீல ரிப்பன் கட்டிய ஒரு சடை தெரிகிறது. அந்தச் சடைக்குப் பின் பெஞ்சில் இருந்துதான் படம் எடுக்கப்பட்டிருக்கிறது, அங்கே உட்காருகிறவள் யார் என்பதும் எனக்குத் தெரியும். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் அவள் இரட்டைக் குற்றவாளி ஆகிவிடுவாள். நான் புகார் கொடுத்தால் விசாரணை முதலில் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம்தான் போய் நிற்கும்.

டவுண் மாரி:
அப்படியானால் அவளுக்கும் பாடம் வேண்டும்தானே? இரக்கப்பட்டே கெட்டவர்கள் ஊரில் நிறையப் பேர்.

வண்ணார்பேட்டை வக்கீல்:
மாரி அண்ணாச்சி, படம் எடுத்தது ஒரு பிள்ளையின் குறும்பு. அதைப் பதிவாக்கி வசைபாடியது வளர்ந்த ஆட்கள். புகாரில் யாரைக் குறிப்பிடுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் செல்வி, சடை தெரிகிறதே என்று படத்தை வெட்டி அனுப்பிவிடாதீர்கள். வெட்டிய சான்றுக்கு மதிப்புக் குறையும். பக்கத்தை முழுமையாகவே கொடுக்க வேண்டும். பிள்ளை பக்கம் பேச்சு திரும்பாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்தப் பிள்ளையிடம் காவலர் பேசுவதற்கு முன் நீ பேசிவிடு அம்மா. புகாரைப் பற்றி வக்கீலம்மா சொன்னதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரு பதிலோடு முடித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன், பீடி சுற்றுவதைப் பற்றிய வரியைப் படித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பொருநைச்செல்வி:
இன்று இரண்டு சொற்களையும் அருகருகே எழுதி, எது சரி, ஏன் என்று கேட்டேன். வகுப்பே கை தூக்கியது. நீல ரிப்பனுக்குப் பின்னால் இருந்தவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். மணி அடித்த பிறகு பலகையைத் துடைக்க அவளாகவே வந்தாள், ‘சேற்கை’யை மட்டும் துடைத்துவிட்டு நின்றாள். படம் தன்னுடையது என்று அவளே சொன்னாள். அண்ணனுக்கு அனுப்பியதாகவும், அவன்தான் வெளியே விட்டதாகவும் சொன்னாள். நாளை அவளுடைய தாயாரிடம் நான் பேசுவேன் என்றும், அதன் பிறகே புகார் போகும் என்றும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். பின்னூட்டங்கள் 23ஐச் சேமித்துவிட்டேன், அக்கா. அதில் ஒன்று அவள் அண்ணன் எழுதியது.