அமெரிக்க அரசியலுக்குப் போன எஞ்சினியர்மார்: விவாதத்துக்கு யாரை எடுக்கலாம்?

மொறட்டுவை சிவில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸில் அடுத்த மாதம் தமிழ் விவாத அரங்கு ஒன்று வைக்கிறார்கள். "நாட்டை ஆளப் பொருத்தமானவர் பொறியியலாளரே" என்பது தலைப்பு. ஆதரித்துப் பேசுவது எங்கள் அணி. எஞ்சினியரிங் படிக்கிற கூட்டத்துக்கு முன்னால் இதைப் பேசுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம், நடுவர்களாக வருகிறவர்கள் வெளியாட்கள்.

எங்களுக்குள் நாடுகளைப் பிரித்துக்கொண்டோம். சீனாவை எடுத்த நண்பனுக்கு வேலையே இல்லை. ஹூ ஜின்டாவோ நீர்மின் பொறியியல் படித்தவர், ஷி ஜின்பிங் இரசாயனப் பொறியியல். எனக்கு விழுந்தது அமெரிக்கா. தேடிப் பார்த்தால் ஹெர்பர்ட் ஹூவர், ஜிம்மி கார்ட்டர் என்று இரண்டு ஜனாதிபதிகள்தான் முன்னுக்கு வருகிறார்கள். இரண்டு பேரும் ஒரே தவணையோடு தோற்று வீட்டுக்குப் போனவர்கள்! எதிரணிக்கு நானே பந்து எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேறு யாரைச் சொல்லலாம்? அப்புறம், அங்கே எஞ்சினியர்மார் ஏன் இவ்வளவு குறைவு? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

---

வெள்ளவத்தை ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, அந்த இரண்டு பேரையும் அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் போனது. ஆகவே கார்ட்டரில் எனக்குத் தனிப்பட்ட ஒரு அக்கறை உண்டு, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹூவர். 1874இல் அயோவாவில் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் திறந்தபோது உள்ளே போன முதல் தொகுதி மாணவர். புவியியல் படித்துவிட்டுச் சுரங்க எஞ்சினியராக அவுஸ்திரேலியா, சீனா, நம்முடைய பக்கத்தில் பர்மா என்று சுற்றினார். பர்மாவில் போட்வின் ஈயச் சுரங்கத்தைத் தூக்கி நிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மனைவி லூவும் ஸ்டான்போர்டில் புவியியல் படித்தவர்தான். பதினாறாம் நூற்றாண்டு லத்தீன் சுரங்க நூல் ஒன்றை இருவருமாக உட்கார்ந்து மொழிபெயர்த்து 1912இல் வெளியிட்டார்கள்.

முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பெல்ஜியம் பட்டினியில் விழுந்தது. ஜெர்மன் படை நாட்டுக்குள், பிரித்தானியக் கடற்படை வெளியே. இரண்டு பகைவரிடமும் அனுமதி வாங்கி, கப்பல் பிடித்து, மா மூட்டையைக் கணக்குப் பார்த்து இறக்கியவர் ஹூவர். வர்த்தக அமைச்சராக இருந்த காலத்தில் (1921 முதல் 1928 வரை) செங்கல், போல்ட், பால் போத்தல் எல்லாம் ஆளுக்கொரு அளவில் வந்துகொண்டிருந்ததைக் கூட்டம் கூட்டிக் குறைத்தார். எஞ்சினியருக்கே உரிய வேலை, சத்தமில்லாமல் நடந்தது. 1928 தேர்தலில் 48 மாநிலங்களில் 40ஐ வென்றார். அதற்கு முன் எந்த மக்கள் தேர்தலிலும் வென்று பதவிக்கு வந்தவரல்ல, அதைக் கவனிக்க வேண்டும்.

மீதி உனக்குத் தெரியும். 1929இல் பங்குச்சந்தை விழுந்தது. 1930இல் இறக்குமதி வரியை ஏற்றும் சட்டம் மேசைக்கு வந்தபோது, வேண்டாம் என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டுக் கேட்டும் அவர் கையொப்பம் வைத்தார். வேலையிழந்தவர்கள் தகரத்தாலும் அட்டையாலும் போட்ட கொட்டில்களுக்கு அவருடைய பெயரையே சனம் வைத்தது. 1932இல் ஆறு மாநிலங்கள்தான் மிஞ்சின.

இப்போது கார்ட்டர். கடலைத் தோட்டக்காரர் என்றுதான் உலகம் அவரை ஞாபகம் வைத்திருக்கிறது. அதற்கு முன் அவர் அமெரிக்கக் கடற்படையில், ரிக்கோவர் என்ற அதிகாரியின் கீழ் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் இருந்தவர். 1952இல் கனடாவின் சோக் ரிவரில் ஓர் அணு உலை பழுதாகிக் கதிர்வீச்சு கசிந்தது. அதைக் கழற்றப் போன குழுக்களில் ஒன்றுக்கு அவர் பொறுப்பு. பக்கத்து டெனிஸ் திடலில் உலையின் மாதிரி ஒன்றை அதே அளவில் கட்டி ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான் நிற்கலாம். ஓடிப் போய், சாவியை வைத்து, முடிந்த அளவு போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே ஒரு போல்ட் கழன்றால் திடலில் இருக்கும் மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றுவார்கள், அடுத்து இறங்குகிறவருக்கு எது மிச்சம் என்று தெரிய வேண்டுமே. வருடம் முழுக்கப் படலாம் என்று விதித்த கதிர்வீச்சு அந்த ஒன்றரை நிமிடத்தில் உடம்புக்குள் போய்விட்டது. 1979இல் திரீ மைல் ஐலண்ட் அணு மின்நிலையத்தில் விபத்து நடந்து நாலு நாளில், மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜனாதிபதி நேரே அந்த நிலையத்துக்குள் போனார். அணு உலை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் போனதால் சனத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இதை மேடையில் சொல், கைதட்டு விழும்.

ஆனால் அதே கார்ட்டர்தான் அணைகளில் மாட்டிக்கொண்டார். ஜோர்ஜியா ஆளுநராக இருந்தபோது பிளின்ட் ஆற்றுக்கு ஓர் அணை வரவிருந்தது. இராணுவப் பொறியியல் பிரிவு கொடுத்த கணக்கைத் தானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, நன்மையை ஊதிக் காட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து 1973இல் நிறுத்தினார். அந்தத் துணிவோடு 1977இல் வெள்ளை மாளிகைக்கு வந்த கையோடு நாடு முழுக்கப் பல நீர்த்திட்டங்களை வெட்டப் பட்டியல் போட்டார். என் தொழில் அறிவைக் கொண்டு சொல்கிறேன், அந்தப் பட்டியலில் இருந்த பலதும் காசுக்குக் கேடான திட்டங்கள். கணக்குச் சரி. ஆனால் அணைக்குப் பின்னால் தண்ணீர் மட்டுமா நிற்கிறது? அந்த ஊர் செனட்டரும் நிற்கிறார். முன்கூட்டி ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லாமல் பேப்பரில் பார்த்து அறிந்தவர்கள் எவ்வளவு கொதித்திருப்பார்கள்! சொந்தக் கட்சிக்காரரே எதிராகத் திரும்பினார்கள், கடைசியில் சமரசத்துக்கு இறங்கினார்.

எனக்குப் படுவது இதுதான்: ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்க வருகிற எஞ்சினியர் அரசியலில் தேறுகிறார். எல்லாவற்றையும் திருத்த வருகிறவர் திணறுகிறார்.

நீ எடுக்க வேண்டிய ஆள் ரால்ஃப் பிளாண்டர்ஸ். வெர்மொண்ட் மாநிலத்துக்காரர். பட்டறையில் பயிலுநராகத் தொடங்கி, இயந்திரக் கருவிகள் செய்யும் கம்பனித் தலைவராகி, 1946இல் செனட்டுக்குப் போனவர். மக்கார்த்தி என்ற செனட்டர் கண்டவனையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றஞ்சாட்டி நாட்டையே நடுங்க வைத்திருந்த காலம். இருவரும் ஒரே குடியரசுக் கட்சி. 1954 ஜூனில், தொலைக்காட்சிக் கமரா ஓடிக்கொண்டிருந்த விசாரணை மண்டபத்துக்குள் பிளாண்டர்ஸ் நடந்து போய் மக்கார்த்தியின் கையில் கடிதத்தைக் கொடுத்தார்: உம்மைப் பற்றிச் சபையில் பேசப்போகிறேன், வந்து கேளும் என்று. அவர் தொடக்கிய தீர்மானம் டிசம்பரில் 67க்கு 22 என்ற வாக்கில் கண்டனமாக நிறைவேறியது. மக்கார்த்தியின் ஆட்டம் அதோடு முடிந்தது.

நம்முடைய நாட்டு உதாரணம் ஒன்றும் தருகிறேன். டி. ஜே. விமலசுரேந்திர. ஹூவர் பிறந்த அதே 1874இல் பிறந்தவர். மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். யாரும் அசையவில்லை என்றதும் 1931இல் இரத்தினபுரியில் நின்று அரசாங்க சபைக்குப் போனார், லக்சபானா நீர்மின் திட்டத்துக்காகவே. 1950இல் லக்சபானா இயங்கியதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் போனார். நோர்ட்டனில் அவர் பெயரில் ஒரு மின்நிலையம் இருக்கிறது.

---

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு எழுதியது:

ஐயா சொன்ன அணைக் கதை அருமை. ஆனால் ஹூவரில் நான் உடன்படவில்லை. 1929இல் அந்தக் கதிரையில் யார் இருந்திருந்தாலும் 1932இல் தோற்றிருப்பார், சட்டத்தரணி உட்பட. அதை எஞ்சினியரின் குணத்தில் போட வேண்டாம்.

தம்பி, ஏன் குறைவு என்று கேட்டீர்கள். அறிவுக் குறைவோ பேச்சுக் குறைவோ காரணமில்லை, பிழைப்புத்தான் காரணம். அங்கே சட்டத்தரணி ஒருவர் நாலு வருடம் அரசியலுக்குப் போய்த் தோற்றாலும் திரும்பி வந்து பெயர்ப்பலகையை மாட்டலாம். தோற்றதால் வழக்குக் கொண்டுவருகிறவர்கள் கூடுவதும் உண்டு, இங்கே புதுக்கடை நீதிமன்றங்களிலும் அதுதான் நிலைமை. எஞ்சினியர் நாலு வருடம் விட்டுவிட்டுப் போனால் அவருடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். இன்னொன்று, பெரும்பாலான மாநிலங்களில் அரச வழக்குத்தொடுநரையே மக்கள் வாக்குப் போட்டுத்தான் தெரிகிறார்கள். ஆகவே எங்கள் தொழிலுக்குள்ளேயே அரசியலின் முதல் படி இருக்கிறது. உங்களுக்கு அப்படிப் படி ஒகையோ மாநிலத்தில் உண்டு. அங்கே கவுண்டி (நம்முடைய மாவட்டம் மாதிரி) எஞ்சினியர் என்பது தேர்தலில் வெல்ல வேண்டிய பதவி, நிற்கிறவர் பதிவு பெற்ற பொறியியலாளராகவும் நிலஅளவையாளராகவும் இருக்க வேண்டும். பாலத்துக்கும் வீதிக்கும் வாக்குக் கேட்கிறார்கள். இதை எதிரணி எதிர்பார்த்திருக்காது.

லிங்கனை மட்டும் எடுக்க வேண்டாம். நிலஅளவை செய்தவர், மணல் திட்டில் தட்டிய படகைத் தூக்க ஒரு பொறி கண்டுபிடித்து 1849இல் காப்புரிமை வாங்கியவர், காப்புரிமை உள்ள ஒரே ஜனாதிபதி. எல்லாம் உண்மை. ஆனால் அவர் சட்டத்தரணி, எங்கள் ஆள், விட்டுத்தர மாட்டோம்.

---

கொட்டாஞ்சேனைக் கோடர் எழுதியது:

இப்போது இருப்பவர்களில் ஒருவரையாவது சொல்ல வேண்டாமா? ராஜா கிருஷ்ணமூர்த்தி, தமிழ்க் குடும்பம், பிரின்ஸ்டனில் இயந்திரப் பொறியியல். இரண்டு தேர்தலில் தோற்று, 2016இல் இலினோய் மாநிலத்தில் வென்று காங்கிரஸுக்குப் போனவர். அடுத்தது தோமஸ் மாசி, எம்.ஐ.டி.யில் எஞ்சினியரிங் படித்தவர், கென்டக்கி மாநிலத்தில் வென்று காங்கிரஸுக்குப் போனவர். அமெரிக்கக் கடன் ஓடி ஓடிக் கூடுவதைக் காட்டும் ஒரு குட்டி இலத்திரனியல் வில்லையைத் தானே செய்து கோட்டில் குத்திக்கொண்டு திரிகிறார். கொள்கை பிடிக்குதோ இல்லையோ, சோல்டரிங் தெரிந்த எம்.பி. எத்தனை பேர்?

---

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு எழுதியது:

கிருஷ்ணமூர்த்தி பிரின்ஸ்டனுக்குப் பிறகு ஹார்வார்டில் சட்டம் படித்தவர் என்பதை மறைத்துவிட்டீர்களே.

---

மொறட்டுவை சிவில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிளாண்டர்ஸ் என்ற பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஐயா, ஒரு சந்தேகம். பட்டறையில் பழகியவர் என்றீர்கள். "பட்டம் இல்லாதவர் எப்படிப் பொறியியலாளர்?" என்று எதிரணி கேட்டால் என்ன சொல்வது?

---

வெள்ளவத்தை ஓய்வூதியர் எழுதியது:

கேட்கட்டும், நல்லது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்துக்கு 1930களில் தலைவராக இருந்தவர் அவர். சங்கமே தலைவராக்கியவரை எஞ்சினியர் இல்லை என்று சொல்ல நாம் யார் என்று திருப்பிக் கேள். பட்டம்தான் அளவுகோல் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், கார்ட்டருடையதும் கடற்படைக் கல்லூரியின் பொதுவான விஞ்ஞானப் பட்டம்தான். கார்ட்டரை எஞ்சினியர் என்று வைத்து அவர்கள் உன்னை அடிக்கத் திட்டமிட்டிருந்தால் அந்தத் தடியும் கையை விட்டுப் போகும்.

அணைப் பட்டியலை மட்டும் அவர்கள் எடுக்கும் வரை காத்திருக்காதே, உன் நேரத்திலேயே நீ சொல்லிவிடு. சொல்லி, உடனே பிளாண்டர்ஸுக்குப் போ. ஹூவருக்கு பெல்ஜியம் மட்டும் போதும், ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். சட்டத்தரணி பிள்ளை சொன்ன ஒகையோவை எதிரணிக் கேள்விக்குப் பதிலாக வைத்துக்கொள். விமலசுரேந்திரவை உங்கள் அணியின் கடைசிப் பேச்சாளருக்குக் கொடு, இங்கத்தை ஆட்களுக்கு அதுதான் ஏறும்.